இன்ஜின் மாத்தினதுக்கு அப்புறம் கியர் பாக்ஸ்ல சத்தம்: பாக்ஸ் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

கேள்வி: "அண்ணா, என் கார் ரியர் வீல் டிரைவ், 5 கியர் மேனுவல். பழைய இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு, அதே மாடல்ல ஆட்டோமேட்டிக் வண்டில இருந்து கழட்டின இன்ஜின் ஒண்ணு வாங்கி மாத்தினோம். கியர் பாக்ஸ் என்னோடதுதான், முன்னாடி சத்தமே கிடையாது. இப்ப நியூட்ரல்ல நிக்கும்போது கொர்ர்னு ஒரு சத்தம், கிளட்ச் மிதிச்சா நின்னுடுது. ஓட்டும்போது 2, 3-ல ஊளை மாதிரி வருது, 4-ல மட்டும் அமைதியா இருக்கு, 5-ல திரும்ப வருது. மெக்கானிக் பாக்ஸ் போச்சு, வேற போடணும்ங்கிறாரு. போட்டுடலாமா?"

தம்பி, இப்போதைக்கு வேற பாக்ஸ் வாங்காதீங்க. இன்ஜினை இறக்குற வரைக்கும் சத்தமில்லாம ஓடின பாக்ஸ், திரும்ப ஏத்தினதும் கத்துதுன்னா நடுவுல நாம கை வெச்ச இடம் எதுவோ அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும். அதைக் கண்டுபிடிக்காம வேற பாக்ஸ் போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல இதே மாதிரி கத்தும், இது நான் அனுபவப்பட்டு சொல்றது, ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு வண்டிக்கு ரெண்டு பாக்ஸ் மாத்திப் போட்டு ரெண்டுலயும் அதே சத்தம், கடைசியில பார்த்தா பெல் ஹவுசிங்ல (பாக்ஸ் இன்ஜினோட சேர்ற மணி மாதிரி கூடு) ஒரு டோவல் பின் (ரெண்டையும் சரியான இடத்துல நிறுத்துற சின்ன ஆணி) பழைய இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டுப் போயிருந்துச்சு.

இன்னொரு விஷயம், ஆயிலைப் பார்க்கிற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

நீங்க சத்தம் எப்ப வருது எப்ப நிக்குதுன்னு நல்லா கவனிச்சு எழுதியிருக்கீங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிடுச்சு. நியூட்ரல்ல வண்டி நிக்கும்போது கியர் பாக்ஸ் உள்ள எதுவும் ஓடாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. கிளட்ச்ல இருந்து காலை எடுத்துட்டா கிளட்ச் பிளேட்டோட சேர்ந்து, இன்ஜின் பவரை பாக்ஸுக்குள்ள கொண்டு வர்ற இன்புட் ஷாஃப்ட் சுத்தும், அதுல இருக்கிற பல்லு கீழ இணையா இருக்கிற லே ஷாஃப்ட்டைச் சுத்தும், லே ஷாஃப்ட் மேல இருக்கிற முன்பக்க கியர் எல்லாத்தையும் சுத்திக்கிட்டே இருக்கும், ஏன்னா எல்லா ஜோடியும் எப்பவும் கோர்த்துதான் இருக்கு, நாம கியர் போடும்போது அதுல ஒண்ணை, பவரை வெளிய கொண்டு போற மெயின் ஷாஃப்ட்டோட பூட்டுறோம் அவ்வளவுதான். கிளட்ச் மிதிச்சா இன்புட் ஷாஃப்ட் நிக்குது, கூடவே இது மொத்தமும் நிக்குது. அதனால மிதிச்சதும் சத்தம் போகுதுன்னா வில்லங்கம் இன்புட் ஷாஃப்ட் பேரிங், லே ஷாஃப்ட் பேரிங், இல்ல அந்தப் பல்லுங்க, இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கு. பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுற ரிலீஸ் பேரிங்கா இருந்தா நேர் எதிரா நடக்கும், பெடல்ல லேசா கால் பட்டதுமே சத்தம் ஆரம்பிக்கும்.

அடுத்தது 4-வது கியர். உங்களை மாதிரி ரியர் வீல் டிரைவ் பாக்ஸ் நிறையதுல 4-வதுதான் டைரக்ட், அதாவது இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேரா பூட்டிக்கிட்டு ஒரே வேகத்துல சுத்தும். லே ஷாஃப்ட் அப்பவும் சுத்தும், ஆனா சும்மாதான் சுத்தும், அது மேல பாரம் கிடையாது. 2, 3, 5 எல்லாமே லே ஷாஃப்ட் வழியாத்தான் பவரைக் கொண்டு போகும். பாரம் ஏறினா கத்துது பாரம் இறங்கினா அமைதியாயிடுது, அப்ப பல்லு ஒண்ணை ஒண்ணு தள்ளும்போது அதைத் தாங்க வேண்டிய பேரிங்ல ஏதோ குறை, இல்ல அதுக்குப் போக வேண்டிய ஆயில் போகல. பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்குப் பவரைக் கொண்டு போற புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் பக்கம் நீங்க போகவே வேண்டாம், அங்க பிரச்சனைன்னா 4-ல மட்டும் நிக்காது, வண்டி வேகத்தோடதான் சத்தம் ஏறி இறங்கும்.

இப்ப ஆயில். இன்ஜினும் பாக்ஸும் சேர்த்துக் கழட்டும்போது புரொபெல்லர் ஷாஃப்ட்டை பின்பக்கமா உருவுறோம் இல்லையா, உருவினதும் பாக்ஸோட வால் பக்கம் வெறும் ஓட்டை, இன்ஜினைத் தூக்கும்போது பாக்ஸ் பின்னாடி சாயும், உள்ள இருக்கிற ஆயில் தரையில போகும், யாரும் கவனிக்க மாட்டாங்க, இன்ஜின் ஆயில் கூலன்ட் எல்லாம் கீழ கிடக்கிற நேரத்துல இது ஒண்ணு தனியா கண்ணுக்குத் தெரியாது. திரும்ப ஏத்தினதும் இன்ஜினுக்கு மட்டும் ஆயில் ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணிடுவாங்க. பாக்ஸுக்குள்ள பம்ப் எதுவும் பெரும்பாலும் கிடையாது, லே ஷாஃப்ட் கியருங்க ஆயில்ல முங்கி வாரி மேல அடிக்கிறதுதான் மத்த பேரிங்குக்கு எல்லாம் சாப்பாடு, அளவு குறைஞ்சா மேல இருக்கிறதுக்கு எதுவும் போய்ச் சேராது. இப்படிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே நல்ல பேரிங் கெட்டுப் போகும், அதனாலதான் ஓட்டாதீங்கன்னு சொன்னேன்.

வண்டியை நாலு பக்கமும் சமமா தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க, முதல்ல பக்கவாட்டுல இருக்கிற ஃபில்லர் பிளக்கைக் கழட்டுங்க, அது கழண்டு வருதுன்னு உறுதியான அப்புறம்தான் கீழ டிரெயின் பிளக்ல கை வைங்க. இல்லன்னா ஆயிலை வடிச்சிட்டு ஊத்த வழியில்லாம உக்காந்திருப்பீங்க. ஓட்டையோட விளிம்புல ஆயில் நிக்கணும், விரலை விட்டா தட்டணும். நிக்கலைன்னா மேல ஊத்தி விடாதீங்க, இருக்கிறதை சுத்தமான தட்டுல முழுசா வடிச்சு அளந்து பாருங்க, வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற அளவோட ஒப்பிட்டா எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரிஞ்சிடும். டிரெயின் பிளக்ல காந்தம் இருந்தா அதையும் பாருங்க, சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா அது வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். விரல்ல குத்துற மாதிரி சில்லு, ஊசி, செதில் இருந்தா பேரிங்கோ பல்லோ உரிஞ்சிருக்கு. காந்தத்துல ஒட்டாம தட்டுல தங்கப் பொடி மாதிரி மினுங்கினா அது கியர் மாத்தும்போது வேகத்தை ஒண்ணு சேர்க்கிற பித்தளை சின்க்ரோ ரிங்கோட தூள், அது வேற கதை, இந்தச் சத்தத்துக்கு அது காரணமில்ல.

திரும்ப ஊத்தும்போது மேனுவல்ல சொன்ன ஆயிலையே ஊத்துங்க, கெட்டியா இருந்தா சத்தம் அடங்கும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஜிஎல்-4 (கியர் ஆயில்ல ஒரு தரம்) கேட்கிற பாக்ஸுக்கு ஜிஎல்-5 டிஃபரென்ஷியல் ஆயிலை ஊத்தினா சின்க்ரோவுக்கு வேண்டிய பிடிப்பு குறையும், அதுல இருக்கிற கந்தகம் கலந்த சேர்மானம் சிலது பித்தளையை அரிக்கவும் செய்யும். சில பாக்ஸ் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு ஊத்துற மெல்லிசான ஆயில்) கேட்கும், அதுல கெட்டி கியர் ஆயில் ஊத்தினா காலையில கியரே விழாது.

ஆயில் சரியா இருந்தது, இல்ல ஊத்தின பிறகும் கத்துதுன்னா, அப்ப பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். இறக்குறதுன்னா உடனே பிரிக்கிறது இல்ல, இன்ஜினும் பாக்ஸும் சேர்ற இடத்தைப் பார்க்கிறதுக்கு. உங்க விஷயத்துல எனக்கு பெரிய சந்தேகமே இங்கதான், ஏன்னா இன்ஜின் ஆட்டோமேட்டிக் வண்டியோடது.

மேனுவல் பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் ரொம்ப நீளம், அதோட முனை கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க குழியில ஒரு சின்ன பேரிங்லயோ புஷ்லயோ உக்காரும், பைலட் பேரிங்ங்கிறது அதுதான். ஆட்டோமேட்டிக்ல அந்த முனையே கிடையாது, அதனால அந்த கிராங்க்ல பைலட் பேரிங் போட்டிருக்க மாட்டாங்க, சில இன்ஜின்ல அந்தக் குழியையே சரியான அளவுக்குக் கடையாம விட்டிருப்பாங்க. அது இல்லாம பாக்ஸை ஏத்திட்டா ஷாஃப்ட்டோட முன் முனைக்குப் பிடிமானம் இல்ல, கிளட்ச் பிளேட் இழுக்கிற பக்கமெல்லாம் அது ஆடும், அந்த ஆட்டம் மொத்தத்தையும் பாக்ஸ்ல இருக்கிற ஒரே இன்புட் பேரிங் தாங்கணும். அது கத்தத்தானே செய்யும். பைலட் பேரிங் இருந்து அதுவே கெட்டுப்போயிருந்தா சத்தம் வேற நேரத்துல வரும், கிளட்ச்சை முழுசா மிதிச்சு கியர் போட்டு நிக்கும்போது வரும், ஏன்னா அப்பதான் கிராங்க் சுத்த ஷாஃப்ட் நிக்குது, மத்த நேரம் ரெண்டும் சேர்ந்து சுத்துறதால பைலட் பேரிங் உருள வேண்டியதில்ல, முனையைப் பிடிச்சு மட்டும் வெச்சிருக்கும். உங்களுக்கு மிதிச்சா அமைதி, அப்ப பைலட் கெட்டுப்போயிருக்கிறதை விட இல்லாமலே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. அந்தக் குழி ஆழம் குறைவா இருந்தாலோ ஆட்டோமேட்டிக்கோட புஷ் ஏதாவது உள்ள கிடந்தாலோ ஷாஃப்ட் முனை அடியில முட்டும், பெல் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் நடுவுல இடைவெளி நிக்கும், அதை போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துச் சேர்த்துடுவாங்க. அப்படி இழுத்தா ஒரு பக்கம் இன்புட் பேரிங் நசுங்கும், இன்னொரு பக்கம் புது இன்ஜின்ல கிராங்க் முன்ன பின்ன நகராம தாங்குற திரஸ்ட் பேரிங் தேயும். பாக்ஸ் கையால தள்ளினாலே பிளாக்கோட சுத்திலும் ஒட்டி உக்காரணும், போல்ட் அதைப் பிடிச்சு வைக்கிறதுக்கு மட்டும்தான். உங்க மெக்கானிக்கைக் கேளுங்க, ஏத்தும்போது கையால உக்காந்துச்சா இல்ல போல்ட்டால இழுத்தாங்களான்னு. அந்த ஒரு பதில் ரொம்ப முக்கியம். பாக்ஸோட எடையை ஜாக்ல தாங்காம இன்புட் ஷாஃப்ட்லயே தொங்க விட்டாங்களான்னும் கேளுங்க, அதுல கிளட்ச் பிளேட்டோட நடுப்பகுதி வளையும்.

டோவல் பின் ரெண்டும் பிளாக்ல இருக்கான்னு பாருங்க. பெல் ஹவுசிங்கை மையத்துல நிறுத்துறது அந்த ரெண்டு பின்னுதான், போல்ட் ஓட்டை எல்லாம் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும், அதனால பின் இல்லாம போல்ட்டை மட்டும் முடுக்கினா பாக்ஸ் தன் எடையில கொஞ்சம் கீழ இறங்கி உக்காந்துடும், கண்ணுக்குத் தெரியாது. பெல் ஹவுசிங் தனியா கழண்டு வர்ற பாக்ஸா இருந்தா அதை மட்டும் இன்ஜின்ல மாட்டி, டயல் கேஜை (நுணுக்கமான ஆட்டத்தை முள்ளால காட்டுற கருவி) ஃப்ளைவீல்ல (கிராங்க் பின்னாடி மாட்டுற கனமான சக்கரம்) நிறுத்தி, முனை ஹவுசிங்கோட நடு ஓட்டை விளிம்பைத் தொடுற மாதிரி வெச்சு கிராங்கைக் கையால ஒரு முழு சுத்து சுத்துங்க. மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும்ங்கிறது பொதுவா எல்லாரும் வெச்சுக்கிற அளவு. டயல் காட்டுறதுல பாதிதான் உண்மையான விலகல், 0.40 காட்டினா மையம் 0.20 தள்ளியிருக்கு, அதுக்கு மையம் தள்ளிச் செஞ்ச ஆஃப்செட் டோவல் பின் கிடைக்குது.

இறக்கினதோட இறக்கினதா ஃப்ளைவீலையும் பாருங்க. ஆட்டோமேட்டிக்ல ஃப்ளைவீலுக்குப் பதிலா இருந்த மெல்லிசான ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கழட்டிட்டு ஃப்ளைவீல் போட்டிருப்பீங்க, அதுக்கு ஃப்ளெக்ஸ் பிளேட்டோட பழைய போல்ட்டையே போட்டாங்களான்னு பாருங்க, ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட் பெரும்பாலும் நீளம் குறைவு, நாலஞ்சு மரைதான் பிடிக்கும், இது சத்தத்தை விட பெரிய ஆபத்து. உங்க வண்டியில முன்னாடி டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ரெண்டு துண்டா, நடுவுல ஸ்பிரிங் வெச்சது) இருந்து இப்ப சாதா ஃப்ளைவீல் போட்டிருந்தா நியூட்ரல்ல கடகடன்னு ஒரு சத்தம் வரும், அது பேரிங் சத்தம் இல்ல, இன்ஜினோட ஒவ்வொரு அடியும் ஸ்பிரிங் வழியா அடங்காம நேரா பல்லுக்குப் போறதால பல்லு ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கிறது. ஐடிலிங்கை 100, 200 ஆர்பிஎம் ஏத்திப் பாருங்க, சட்டுனு அடங்கினா அதுதான். நீங்க எழுதின கொர்ர் சத்தம் அப்படி அடங்காதுன்னுதான் நினைக்கிறேன், ஆனா இதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

இதெல்லாம் சரி பண்ணி ஏத்தின பிறகும் சத்தம் இருந்தா பேரிங் ஏற்கனவே அடி வாங்கிடுச்சு. அப்பவும் முழு பாக்ஸ் தேவையில்ல. பாக்ஸ் கீழ இருக்கும்போதே இன்புட் ஷாஃப்ட்டைக் கையில பிடிச்சு மெதுவா சுத்துங்க, மணல் அரைக்கிற மாதிரி சொரசொரப்பு தெரிஞ்சாலோ ஷாஃப்ட் மேல கீழ கணிசமா ஆடினாலோ பிரிச்சு இன்புட் பேரிங்கையும் லே ஷாஃப்ட் பேரிங்கையும் சேர்த்தே மாத்திடுங்க, பல்லு முகத்துல குழி விழுந்திருக்கான்னு பார்த்துக்கோங்க. பைலட் முனை கொஞ்ச நாள் பிடிமானம் இல்லாம ஓடியிருந்தா இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் சேர்ற இடத்துல இருக்கிற சின்ன ரோலர் பேரிங்கும் போயிருக்கும், அதையும் விட்டுடாதீங்க.

நாளைக்கு ஃபில்லர் பிளக்கைக் கழட்டிப் பார்த்துட்டு ஆயில் எவ்வளவு வந்துச்சு, காந்தத்துல என்ன ஒட்டியிருந்துச்சு, ஏத்தும்போது போல்ட்டால இழுத்தாங்களா, இந்த மூணையும் எழுதுங்க தம்பி, பாக்ஸை இறக்கணுமா வேண்டாமான்னு அதை வெச்சு சொல்றேன்.