‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

வகுப்பில் கை தூக்கியதும் நம் வாயில் வரும் வாக்கியம் இது. தமிழில் ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் புரியாததையும் குறிக்கும், நம்பாததையும் குறிக்கும். அதை அப்படியே ‘டவுட்’ ஆக்கிவிடுகிறோம். ஆனால் லண்டன்காரர் காதில் அது பெரும்பாலும் ‘நீங்கள் சொல்வதில் நம்பிக்கை இல்லை’ என்றே விழும். சென்னையில் ஒருவர் ‘தண்ணி போட்டேன்’ என்றால் செடிக்கு ஊற்றியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லையே, அந்த மாதிரி.

சரி, மாற்று? ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும். தரமணியிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது, ‘குட் யூ எக்ஸ்பிளெய்ன் தட் அகெய்ன்?’ கேட்கவே பணிவாக இருக்கும்.

அப்புறம், ‘டவுட்’ தப்பான ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இந்திய ஆங்கிலத்தில் புழங்கும் சொல்தான், நமக்குள் தாராளமாகச் சொல்லலாம்.