பொண்ணு அமெரிக்காவில் அப்பீல் கோர்ட் ஜட்ஜ் ஆகணும் என்கிறாள், என்ன படிக்க வைப்பது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சார். அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், அப்பீல் கோர்ட் நீதிபதி ஆக தனிப் படிப்பும் இல்லை, தேர்வும் இல்லை. நம்மூரில் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதி உள்ளே போகிற மாதிரி நினைக்காதீர்கள். ஜனாதிபதி பெயரை முன்மொழிய வேண்டும், நாடாளுமன்ற மேலவையான செனட் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். 13 கோர்ட்டுகளில் மொத்தம் 179 இடங்கள்தான், அதுவும் ஆயுள் பதவி.

திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகமுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசன் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்குப் போன வழியைப் பாருங்கள். கான்சாஸில் வளர்ந்தவர், 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்து, ஒரு அப்பீல் நீதிபதியிடமும் பிறகு சுப்ரீம் கோர்ட்டில் சாண்ட்ரா டே ஓ'கானரிடமும் கிளார்க்காக இருந்து, தனியார் நிறுவனத்திலும், புஷ், ஒபாமா இருவர் ஆட்சியிலும் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் உழைத்த பிறகு, 2013-இல் செனட் 97-0 என்று ஏற்றது. அப்போது வயது 46.

கிளார்க் என்றதும் குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு வருட வேலை. இரண்டு தரப்பு மனுவையும் வரி வரியாகப் படித்து, எங்கே வாதம் இடிக்கிறது என்று நீதிபதிக்குக் குறிப்பு எழுத வேண்டும், தீர்ப்பின் முதல் வரைவு கூட இவர்கள் கையில் வருவதுண்டு. அப்பீல் கோர்ட்டில் சாட்சிக் கூண்டு இல்லை, முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி இல்லை. மூன்று நீதிபதிகள், எழுத்து, கேள்வி, அவ்வளவுதான். அதனால் வாய்ச் சாமர்த்தியத்தை விட உட்கார்ந்து படிக்கிற பழக்கம்தான் முக்கியம் என்பேன்.

காலேஜில் எந்தப் பாடமும் எடுக்கலாம், கணக்கோ வரலாறோ, பிடித்ததைப் படிக்கட்டும். நான்கு வருடம் அது, அப்புறம் நுழைவுத் தேர்வு, மூன்று வருடம் சட்டம். செலவு அதிகம், அதை இப்போதே கணக்குப் போடுங்கள். நீதிபதி நாற்காலி அவள் கையில் இல்லை, நல்ல அப்பீல் வக்கீல் ஆவது கையில் இருக்கிறது, அதைக் குறி வைக்கச் சொல்லுங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை. அந்த வாஷிங்டன் கோர்ட்டின் வாதங்கள் ஆடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைக் கேட்கட்டும். யார் ஜெயிக்க வேண்டும், ஏன் என்று அரைப் பக்கம் எழுதட்டும். பிறகு எதிர்த் தரப்புக்காக இன்னொரு அரைப் பக்கம். இரண்டாவதை எனக்கு அனுப்புங்கள்.