தம்பி கல்யாணப் பேச்சுக்கு எந்தப் படத்தைப் போட்டுக் காட்டறது?

வேலந்தாவளத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தம்பிக்கு 27 வயசு, ஆட்டிசம்னு சின்ன வயசுலயே டாக்டர் சொல்லியாச்சு, கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தேங்கா மண்டில டேலி என்ட்ரி போடறார். அதே மண்டில வேலை பாக்கற கோபாலபுரத்துப் பொண்ணும் இவரும் விரும்பறாங்க. பொண்ணு வீட்ல 'பர்ஃபி' படத்தைப் பாத்துட்டு "உங்க தம்பியும் அந்தப் புள்ள மாதிரியா?"ன்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்குச் சரியாப் புரியற மாதிரி எந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம், இந்த மாதிரி காதல் நிலைக்குமா, இதுதான் கேள்வி.

அம்மணி, பொண்ணு வீட்டுக்குப் படம் போட்டுக் காட்டற யோசனைய விட்ருங்க. படம் பாக்கறதா இருந்தா உங்க தம்பி கூட உக்காந்து பாருங்க, எது தனக்குப் பொருந்துது எது பொருந்தலைன்னு அவர் சொல்லட்டும், அவர் சொன்னதை எடுத்துட்டுப் போய் அந்த வீட்ல பேசுங்க. எந்த நல்ல படத்தைக் காட்டினாலும் அந்த வீட்டு மனசுல நிக்கப்போறது நடிகர் மூஞ்சிதான், உங்க தம்பி இல்ல.

பர்ஃபியையே எடுத்துக்குங்க, 2012ல அனுராக் பாசு எடுத்தது, ஆட்டிசம் உள்ள ஜில்மிலா பிரியங்கா சோப்ரா நடிச்சிருப்பாங்க. நாயகன் ஒரு விளக்குக் கம்பத்தை அறுத்து விட்டுட்டு, அது சாயறப்போ கூட நிக்கறவங்க ஓடறாங்களான்னு பாப்பான். மத்தவங்க கைய உதறிட்டு விலகிருவாங்க, ஜில்மில் மட்டும் அசையாம கூடவே நிப்பா. எனக்கும் அந்த எடத்துல கண்ணு கலங்கிரும், ஆனா அவ நம்பிக்கையில நின்னாளா, கம்பம் விழறதையே கவனிக்காம நின்னாளான்னு படம் நமக்குச் சொல்றதே இல்ல, அவளுக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கறதும் கம்மி, படம் பூரா ஒரு பச்சப்புள்ளையாத்தான் வர்றா. அதைப் பாத்த தாய் தகப்பனுக்கு, நம்ம பொண்ணு காலம் பூரா ஒரு கொழந்தைய வளத்தணுமோன்னு பயம் வர்றது நியாயந்தானே. போதாததுக்கு நம்ம சனத்துக்கு வெகுளி நாயகன் மேல பழைய பாசம் வேற, 1991ல 'சின்னத் தம்பி'ல தாலின்னா என்னன்னே தெரியாம கட்டறவனைத் தலைல தூக்கி வெச்சுக் கொண்டாடுனோம். அந்தப் படத்துக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பேசத் தயங்கற பையனைக் கண்டாலே 'ஒண்ணும் தெரியாத புள்ள'ன்னு முடிவு பண்ற பழக்கம் அப்படிப் படம் பாத்துப் பாத்து வந்ததுதான்னு நான் நெனைக்கிறேன். ஜிஎஸ்டி பில்லுல ஒரு ரூவா இடிச்சாலும் கண்டுபுடிக்கற ஆளுங்க உங்க தம்பி, அவரை அந்தக் கணக்குல சேக்க வேண்டாம்.

உங்க பக்கம் 'அதிரன்' பாத்தவங்களும் இருப்பாங்க, 2019ல வந்த மலையாளப் படம், அதுல சாய் பல்லவி ஆட்டிசம் உள்ள பொண்ணு. களரி தெரிஞ்சவ, ஆனா மனநல ஆஸ்பத்திரில அடைஞ்சு கெடப்பா. ஆட்டிசம் மனநோய் இல்லீங்க, மூளை வளர்ற விதத்துலயே பொறப்புல இருந்து இருக்கற வித்தியாசம். கல்யாணப் பேச்சு நடக்கற வீட்ல இந்தப் படம் வேண்டவே வேண்டாம். 'ஹரிதாஸ்' நல்ல படம், ஆனா அது சின்னப் பையன் கதை. 'பேரன்பு' பொண்ணுக்கு இருக்கறது பெருமூளை வாதம், அது வேற விஷயம்.

உங்களுக்கு உதவற படம்னா ரெண்டு மூணு இருக்கு. 'மை நேம் இஸ் கான்', 2010. அதுல ஷாருக்கான் ஆட்டிசம் உள்ள புருஷன், கதை நடக்கறது அமெரிக்காவுல. மகன் செத்த துக்கத்துல பொண்டாட்டியா வர்ற கஜோல் அவரைப் பாத்துக் கத்துவாங்க, போய் அமெரிக்க ஜனாதிபதி கிட்ட சொல்லு, என் பேரு கான், நான் தீவிரவாதி இல்லைன்னு சொல்லிட்டு வான்னு. மத்த புருஷனா இருந்தா கோவம் ஆறற வரைக்கும் வெளிய போய்ட்டு வருவான், இவரு நெஜமாவே பொட்டியத் தூக்கிட்டு ஜனாதிபதியத் தேடிக் கெளம்பிருவாரு. மிச்சப் படம் சினிமாத்தனந்தான், ஆனா இந்த ஒரு விஷயம் வீட்டுக்கு வீடு நடக்கறது. நாளைக்கு சண்டைல அந்தப் பொண்ணு "இனி என் மூஞ்சிலயே முழிக்காத"ன்னு சொல்லும், நம்ம ஊர்ல அதுக்கு 'வந்து சமாதானம் பண்ணு'ன்னு அர்த்தம், உங்க தம்பி உண்மையாவே மூஞ்சிய காட்டாம இருந்தாருன்னா அவருக்குப் பாசம் இல்லைன்னு அந்தப் பொண்ணு நெனைச்சுக்கும், அங்கதான் விரிசல் விழும். அதனால இப்பவே ரெண்டு பேரும் உக்காந்து ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கட்டும், கோவமா இருந்தா 'கோவமா இருக்கேன், ஒரு மணி நேரம் கழிச்சு வா'ன்னு நேரடியாச் சொல்லிக்கணும். இது எல்லாப் புருஷன் பொண்டாட்டிக்கும் நல்லதுதான், இவங்களுக்குக் கட்டாயம்.

இன்னொண்ணு 'ஆடம்', 2009ல வந்த இங்கிலீஷ் படம். நாயகனுக்கு ஆஸ்பர்கர்னு வரும், 2013ல இருந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்ல அதையும் ஆட்டிசத்துலயே சேத்துட்டாங்க. அவனுக்கு வெளியூர்ல வேலை கெடைக்குது, நான் எதுக்கு உன்கூட வரணும்னு அவ கேக்கறா, அவன் அவளால தனக்கு ஆகற உதவிய வரிசையாச் சொல்றான், அவ எதிர்பாத்தது வேற வார்த்தை, அதனால போகல. அவன் சொன்னதெல்லாம் அன்புதாங்க. 'நீ இல்லாம எனக்கு நாள் ஓடாது'ங்கறதை அவன் விவரமாச் சொல்றான், அவ்வளவுதான். டேமியன் மில்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல ஒரு கருத்து எழுதினார், புரியாம போறது ஒரு பக்கத்துக் குறை இல்ல, ஆட்டிசம் உள்ளவங்களை மத்தவங்களும் அதே அளவுக்குப் புரிஞ்சுக்கறதில்லைன்னு. இந்த சீனைப் போட்டு நிறுத்திட்டு தம்பிகிட்ட கேளுங்க, "நீயா இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லுவே?"ன்னு. அவர் உடனே சொல்ல வேண்டாம், ரெண்டு நாள் கழிச்சு எழுதிக் குடுத்தாலும் சரி. ஒரே மூச்சுல முழுப் படமும் பாக்கணும்னு இல்ல, சத்தத்தைக் கொறைச்சு வெச்சு, அவருக்குப் போதும்னா நிறுத்திருங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது 'கீப் தி சேஞ்ச்', 2017, நாயகன் நாயகியா நடிச்ச ரெண்டு பேரும் நெஜமாவே ஆட்டிசம் உள்ளவங்க. சண்டை போடறாங்க, ஒருத்தரை ஒருத்தர் காயப்படுத்தறாங்க, அவளைத் தன் வீட்டு மனுஷங்களுக்கு முன்னாடி நிறுத்த அவன் கூச்சப்படறான். மேதையும் இல்ல, தெய்வக் கொழந்தையும் இல்ல, பெரியவங்க ரெண்டு பேரு. சப்டைட்டிலோட கெடைச்சா அந்தப் பொண்ணும் தம்பியும் சேந்து பாக்கட்டும்.

நிலைக்குமான்னு கேட்டீங்கல்ல. 'மொஸார்ட் அண்ட் தி வேல்'னு 2005ல ஒரு படம் வந்துச்சு, ஆட்டிசம் உள்ள நெஜத் தம்பதி ஒருத்தரோட வாழ்க்கையத் தழுவினது. நெஜத்துல அவங்க கல்யாணம் பண்ணி, விவாகரத்தாகி, மறுபடி ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டாங்க. மத்த கல்யாணம் நிலைக்கறதும் ஒடையறதும் எதனாலயோ அதேதான் இங்கயும்.

ஆனா ரெண்டு விஷயத்துல நான் கறாரா இருப்பேன். 'கல்யாணம் பண்ணி வெச்சா செரியாயிரும்'னு உங்க பக்கத்துச் சொந்தம் யாராச்சும் சொன்னா அங்கயே நிறுத்துங்க, கல்யாணம் வைத்தியம் இல்ல. அப்புறம், பொண்ணு வீட்ல எதையும் மறைக்காதீங்க, டாக்டர் குடுத்த ரிப்போர்ட் வரைக்கும் காட்டிருங்க, அதையும் தம்பிகிட்டக் கேட்டுட்டுத்தான். முக்கியமான சங்கதிய மறைச்சு சம்மதம் வாங்கின கல்யாணத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்க 1955 இந்துத் திருமணச் சட்டம் 12ஆம் பிரிவுல வழி இருக்கு. ஆட்டிசம் இருக்குங்கற ஒரே காரணத்துக்காக கல்யாணம் செல்லாம போகாது, அவர் புரிஞ்சு சம்மதிக்கிறாராங்கறதுதான் கேள்வி.

செண்டை, வெடி, மைக் செட் எல்லாம் ஒண்ணாச் சேந்தா அவருக்குத் தாங்குமான்னும் இப்பவே கேட்டுருங்க, தாங்காதுன்னா கோயில்ல வெச்சு காலைல சின்னதா முடிச்சுக்கலாம்.

அந்தப் பொண்ணுக்கு உங்க தம்பிகிட்டக் கேக்க வேண்டியது நெறைய இருக்கும், நீங்க நடுவுல நிக்காம அவரையே பதில் சொல்ல விடுங்க, நேர்ல வார்த்தை வரலைன்னா வாட்ஸ்அப்ல டைப் பண்ணட்டும்.