அலைவரிசை அக்கா பதில்கள்: தீவில் ஒற்றை ஆளாக 48 மணி நேரம்

செப்டம்பர் பிறந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது) போட்டி வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். இந்த முறை தீவு ஆசை பிடித்தவர்கள் அதிகம். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வி.யு.2 என்று தொடங்கும் ‘ஜெனரல்’ வகை ஹாம் உரிமம் வைத்திருக்கிறேன். ஐந்தாவது மாடி வீடு, மொட்டை மாடியில் ஒரு டைபோல் (இரு பக்கமும் வயரை இழுத்துக் கட்டும் ஆன்டெனா), 100 வாட் ரேடியோ. அக்டோபர் கடைசியில் வரும், 48 மணி நேரத்தில் உலகம் முழுக்க முடிந்தவரை அதிகம் பேரோடு பேச வேண்டிய சி.க்யூ. வேர்ல்ட் வைட் போட்டியில் அந்தமானிலோ லட்சத்தீவிலோ இருந்து தனியாளாகக் கலந்துகொள்ள ஆசை. ‘அதே ரேடியோ, அதே வயர், அங்கே போய் மட்டும் என்ன கிழிக்கப் போகிறாய்?’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தீவில் அப்படி என்னதான் இருக்கிறது அக்கா?
*– ஆர்.எம்., ஜாலஹள்ளி, பெங்களூரு*

தம்பி, இரவு ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் 40 மீட்டர் பேண்டை (அலைநீளத்தால் பெயர் பெற்ற அலைவரிசைத் தொகுதி) திறந்து பாருங்கள். எல்.இ.டி. பல்பு, லிஃப்ட் மோட்டார், எதிர் வீட்டு சோலார் இன்வர்ட்டர், ஆளுக்கு இரண்டு மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில், வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் முள் 7-ஐ விட்டு இறங்காது. அந்த இரைச்சலுக்குக் கீழே ஒரு போலந்துக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். உங்களைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் உலகத்திலேயே இல்லை. அந்தமானில் நீல் தீவில் நான் தங்கியிருந்த விடுதியில் கரண்ட் போனதும் முள் சரேலென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவில் அதுவரை காலியாக இருந்த பேண்ட் முழுக்க ஆட்கள்! ஜெனரேட்டர் போடட்டுமா என்று விடுதிக்காரர் ஓடி வந்தார். வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்தது உப்புத் தண்ணீர். தோட்டத்து மண்ணைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். நிமிர்ந்து நிற்கும் வெர்ட்டிகல் ஆன்டெனாவைத் தண்ணீரை ஒட்டி நட்டால், மண் தின்றுவிடும் அலையெல்லாம் தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகக் கிளம்பிப் போகும். தொலைதூரத்துக்கு வேண்டியது அந்தத் தாழ்வான கோணம்தான். 20 மீட்டர் பேண்டுக்கு 5 மீட்டர் உயர ஃபைபர் கம்பும் ஒரு வயரும் போதும், 40 மீட்டருக்கு 10 மீட்டர். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் நட்டால் அந்த லாபம் மறைந்துவிடும். சிலர் தீவுக்குப் போயும் விடுதி மாடியில் டைபோல் கட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கு ஜாலஹள்ளியே போதும்.

அப்புறம் போட்டியின் கணக்கு. வேறு கண்டத்தோடு பேசினால் 3 புள்ளி, அதே கண்டத்தில் வேறு நாடென்றால் 1, சொந்த நாட்டுக்குப் பூஜ்யம். மொத்தப் புள்ளியை, ஒவ்வொரு பேண்டிலும் பிடித்த நாடுகள், மண்டலங்களின் (போட்டிக்காக உலகத்தைப் பிரித்து எண் கொடுத்த பகுதிகள்) எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கரீபியனில் இருக்கும் அருபா ஹாம் கணக்கில் தென் அமெரிக்கா. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கக் கூட்டம் முழுவதும் அங்கே உட்கார்ந்தவருக்கு 3 புள்ளியாகக் கொட்டும். ஆப்பிரிக்கக் கணக்கில் வரும் கேனரி தீவுகளுக்கும் மதீராவுக்கும் ஐரோப்பா அப்படித்தான். பெரிய ஆட்கள் பெட்டி படுக்கையோடு அங்கே போவது கடற்கரையை ரசிக்க அல்ல. நம் தீவுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தமானும் லட்சத்தீவும் ஆசியாதான், ஜப்பான்காரர் நூறு பேரைப் பிடித்தாலும் 100 புள்ளிதான். ஆனால் ஹாம் கணக்கில் இரண்டும் இந்தியாவிலிருந்து பிரிந்த தனித்தனி ‘நாடு’. நீங்கள் அந்தமானுக்கான வி.யு.4 அல்லது லட்சத்தீவுக்கான வி.யு.7 என்று வாயைத் திறந்தால், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் ஒரு புதுப் பெருக்கல். மண்டலமும் சேரும்: லட்சத்தீவு நம்மோடு 22-இல் வரும், அந்தமான் 26. ஊரில் நாம் ஆளைத் தேடி பேண்ட் பேண்டாக அலைகிறோம். அங்கே ஆள் நம்மைத் தேடி வருவார்.

வருவதென்றால் சும்மா இல்லை. அக்டோபர் கடைசியில் நீல் தீவில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும், பெங்களூருவைவிட ஒரு மணி நேரம் முன்னால். அந்த நேரத்தில் 15 மீட்டரில் ஒரு தடவை சீக்யூ, அதாவது ‘யாராவது பேசுங்கள்’ என்ற அழைப்பு, சொன்னேன். இத்தாலி, உக்ரைன், ஜெர்மனி, ரஷ்யா எல்லாம் ஒரே மூச்சில் விழுந்தார்கள், விடிகாலை கே.ஆர். மார்க்கெட் பூ ஏலம் மாதிரி. யாருடைய கால் சைனும் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாள எழுத்தும் எண்ணும்) முழுசாகக் கேட்காது. ‘லிமா’ (‘எல்’ எழுத்துக்கு ஹாம்கள் சொல்லும் சொல்) என்று ஒரே ஒரு சொல் மட்டும் காதில் ஒட்டும். “லிமா மட்டும்” என்பேன். லிமா இல்லாதவர்கள் வாயை மூட வேண்டும், பாதிப் பேர் மூட மாட்டார்கள். இருந்தாலும் அந்த லிமாவைத்தான் முடிக்க வேண்டும். சத்தம் போட்டவருக்கு இடம் கொடுத்தால் அடுத்த நிமிடம் எல்லோரும் சத்தம் போடுவார்கள். கால் சைன், “59, 26” (கேட்கும் தரமும் என் மண்டலமும்), நன்றி, அடுத்தவர். வலது கால் ஃபுட் ஸ்விட்சில், கை கீபோர்டில், மேசை ஓரத்தில் ஆறிப்போன டீ. இடையில் ஆன்டெனாவைப் பார்க்க டார்ச்சோடு ஓடினால், ஆன்டெனாவின் அடியிலிருந்து மணலில் விரித்திருந்த ரேடியல் வயர்களின் மேல் சங்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நண்டுகள். அலை ஏறி, கம்பின் அடிக்கயிறு நனைந்திருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் என் அலைவரிசையில் வேறொருவர் உட்கார்ந்து சீக்யூ போட்டுக்கொண்டிருக்கிறார். தனியாள் என்றால் இதுதான் தம்பி. நீங்கள் எழுந்தால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

அதனால் போங்கள், ஆனால் இந்த வருஷம் வேண்டாம். இந்த அக்டோபரில் ஜாலஹள்ளியிலிருந்தே 48 மணி நேரமும் உட்கார்ந்து பாருங்கள். எந்த மணிக்கு எந்த பேண்ட் திறக்கிறது, எப்போது உங்கள் காது மந்தமாகிறது என்பது தெரிந்துவிடும். இன்னொன்று, வி.யு.2-ஐ வைத்துக்கொண்டு அங்கே போய்க் கூவ முடியாது. மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவில் தனி அனுமதி வாங்க வேண்டும், லட்சத்தீவு என்றால் தீவுக்குள் நுழையவே பர்மிட் வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே போட்டால்தான் அடுத்த அக்டோபர்.

என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. அடுத்த போட்டியில் ‘சிங்கிள் ஆபரேட்டர்’ என்று 48 மணி நேரம் தூங்காமல் உட்காரப் போகிறாராம். உடம்பு என்னத்துக்கு ஆகும்? நான் பக்கத்தில் இருந்து லாக் (யாரோடு பேசினார் என்ற பதிவு) எழுதிக் கொடுத்தால் அவர் இரண்டு மணி நேரமாவது படுப்பாரே?
*– ஒரு வாசகி, அல்சூர்*

தங்கச்சி, லாக் எழுத மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். பேசுவது, எழுதுவது, அடுத்த ஆளைத் தேடுவது எல்லாம் அவரேதான் செய்ய வேண்டும். “ஏங்க, 14 மெகாஹெர்ட்ஸில் பிரேசில் வருது” என்று நீங்கள் சொன்னால்கூட அது உதவிதான். இன்டர்நெட்டில் யார் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாலே ‘அசிஸ்டட்’ என்ற வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். சாப்பாடு கொடுக்கலாம், திட்டலாம், இரண்டுக்கும் விதியில் தடை இல்லை.

அவருக்கு நான் சொல்லும் வழி ‘கிளாசிக்’. 48 மணி நேரத்தில் 24 மணி நேரம் மட்டும் ஆடினால் போதும். ஒரே ஒரு ரேடியோ, எந்த உதவியும் கூடாது, ஓய்வு எடுத்தால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 நிமிடம். இது இரண்டாம் தரப் போட்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த 24 மணி நேரம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் மூளையே இருக்கிறது.

போட்டி நம் நேரப்படி சனி அதிகாலை 5.30-க்குத் தொடங்கி திங்கள் அதிகாலை 5.30-க்கு முடியும். காலை ஒன்பதரை, பத்து மணி வாக்கில் ஐரோப்பா இன்னும் விழிக்கவில்லை, அமெரிக்காவில் பாதி தூங்கப் போயிருக்கும். மிச்சம் இருப்பது ஜப்பானும் அக்கம்பக்கமும், பெரும்பாலும் 1 புள்ளிச் சரக்கு. அப்போது அவரைப் படுக்க வையுங்கள். மதியம் எழுப்பி, சாப்பிட வைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு அனுப்பலாம், மாலை முழுக்க ஐரோப்பா இருக்கிறது. தூக்கம் கெட்டவர் கால் சைனைத் தப்பாகப் பிடிப்பார். தப்பான கால் சைன் ஒன்றுக்கு அந்தப் புள்ளி போவதோடு, மேலும் இரண்டு மடங்கு பிடித்துக்கொள்வார்கள். உடம்பைச் சொன்னால் கேட்காவிட்டாலும் இதைச் சொன்னால் கேட்பார். சர்க்கரை விஷயம் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அது என் துறை இல்லை.

2004 சுனாமியின்போது அந்தமானில் ஹாம்கள்தான் முதலில் செய்தி கொடுத்தார்கள் என்கிறார் என் தாத்தா. நிஜமா?
*– எஸ். கே., ஸ்ரீராமபுரம்*

முதலில் கொடுத்தது யார் என்று பந்தயம் கட்ட நான் வரவில்லை. ஆனால் தாத்தா கதை விடவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்ததால் உலகமே வி.யு.4-ஐத் துரத்திக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ரா அருகே 9.1 அளவு நிலநடுக்கம். குழு அதோடு விளையாட்டை நிறுத்திவிட்டது. தொலைபேசி செத்துப்போன இடங்களிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார், என்ன வேண்டும் என்ற செய்திகளை அதே ரேடியோவில் அனுப்பத் தொடங்கியது. கார் நிக்கோபாருக்கும் அவர்களின் ஹாம்கள் போனார்கள்.

காண்டெஸ்ட் என்பது வேலையற்ற வேலை என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெயரையும் எண்ணையும் பிழையில்லாமல் எழுதப் பழகிய காது அன்றைக்கு அங்கே தயாராக இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

என் மகனுக்கு 13 வயது. ஹாம் உரிமம் கிடைக்குமா? மோர்ஸ் கட்டாயமா?
*– ஜி. வி., மர்ஃபி டவுன்*

கிடைக்கும், 12 நிரம்பியிருந்தால் போதும். தேர்வில் கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை. ‘ரெஸ்ட்ரிக்டட்’ பிரிவுக்கு மோர்ஸ் வேண்டாம், வி.யு.3 என்று தொடங்கும் கால் சைன் வரும். ‘ஜெனரல்’ என்றால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். தந்தி ஆபீஸில் சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன், அந்த வேகம் நடைப்பயிற்சி மாதிரிகூட இல்லை, பையன் ஒரு கோடை விடுமுறையில் பிடித்துவிடுவான். புள்ளி, கோடு என்று எழுதிப் படிக்க மட்டும் விடாதீர்கள். காதால் படிக்க வேண்டும். எழுதிப் படித்தவனுக்கு மனசுக்குள் எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை விடுவிப்பது பெரும்பாடு.

தீவுக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரி கொண்டுபோகலாமா? வேறு என்ன எடுத்துப்போக வேண்டும்?
*– பி. என்., கோரமங்களா*

100 வாட்-ஹவர் வரை கைப்பையில் போகலாம். 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, அதுவும் இரண்டுதான். தனி பேட்டரியை செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12.8 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 90, பிரச்சினை இல்லை. 20 ஆம்பியர்-ஹவர் என்றால் 256, செக்யூரிட்டியிலேயே நின்றுவிடும். ஆனால் 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியர் வாக்கில் இழுக்கும், அந்தச் சின்ன பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? போர்ட் பிளேரில் இறங்கியதும் ஒரு கார் பேட்டரிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், சார்ஜரை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள்.

மழைக்காலம், இடி சத்தம் கேட்டால் முதல் வேலையாக ஆன்டெனா கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள், எத்தனை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. உப்புக்காற்று ஆன்டெனா கேபிளின் கோஆக்ஸ் கனெக்டருக்குள் புகுந்தால் இரண்டாம் நாளே எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு) ஏறும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டேப் என்று கேட்டால் சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழுத்தால் நீளும் ரப்பர் ரகம்தான் வேண்டும் என்று நின்று வாங்குங்கள்.