கேமரா ஜன்னலில் பாசியும் கொட்டலசும்: கேள்வி பதில்

கடலுக்குள் இறக்கும் கேமரா, சென்சார்களின் அக்ரிலிக், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஜன்னல்கள் அழுக்கேறி மங்குவது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: புது அக்ரிலிக் டோம் (குவிந்த ஜன்னல்). பத்து நாளில் படம் பனிமூட்டம் போல ஆகிவிட்டது. தரம் சரியில்லையா?

பிளாஸ்டிக் மேல் பழி போடாதீர்கள். மூழ்கிய சில நிமிடங்களிலேயே கடல்நீரில் கரைந்திருக்கும் புரதம் மாதிரியான பொருட்கள் மேலே ஒட்டத் தொடங்கும். ஒரு நாளுக்குள் பாக்டீரியா குடியேறும், பின்னாலேயே டயட்டம் என்ற நுண்பாசி. விரலால் தொட்டால் சளி மாதிரி வழுக்கும்; உங்கள் பனிமூட்டம் அதுதான். ஆழமில்லாத, வெதுவெதுப்பான நீரில் இது இன்னும் வேகம். இந்தக் கட்டத்தில் மெத்தென்ற ஈரத்துணி போதும். கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) வந்து சுண்ணாம்பு ஓடு கட்டிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும், கீறலும் விழும். ஆக, எந்தப் பூச்சு வாங்குவது என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கை எட்டாத இடமென்றால் மோட்டார் வைத்த வைப்பர்.

கேள்வி: பாசி, கொட்டலசு ஒட்டாமலிருக்கக் கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட் போடலாமா?

ஜன்னலில் அடித்தால் கேமரா எதற்கு! சுற்றியுள்ள உறையில் அடிக்கலாம். ட்ரைபியூட்டைல்டின் என்ற நச்சுத் தகரச் சேர்மம் கலந்த பழைய சரக்கு யாராவது தந்தால் தொடாதீர்கள். 2001 சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்தது, 2008 முதல் அமலில் இருக்கிறது. ஜன்னலைச் சுற்றிச் செம்பு வளையம் நல்ல யோசனை. படம் எடுக்காத நேரம் மூடிக்கொள்ளும் செம்பு மூடி அதைவிட நல்லது: உள்ளே இருட்டு, சிறைப்பட்ட நீரில் ஒட்டும் உயிர்களுக்கு நஞ்சான செம்பு அயனி. அலுமினிய உறையைச் செம்பு நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும், இடையில் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள்.

கேள்வி: உள்ளிருந்து புற ஊதா எல்இடி அடித்தால்?

கிருமி கொல்லும் யுவி-சி ஒளி சாதாரண அக்ரிலிக்கையோ பாலிகார்பனேட்டையோ தாண்டாது. விளக்கு வெளியிலிருந்து ஜன்னல் மேல் அடிக்க வேண்டும். அப்போதும் பாலிகார்பனேட் நாளடைவில் மஞ்சளாகும்.

கேள்வி: நிறமில்லாத சிலிகோன் பூச்சு?

ஒட்டுவதை அது தடுக்காது, பிடியைத் தளர்த்தும். ஓடும் படகில் நீரே கழுவிவிடும். அசையாமல் நிற்கும் கருவியில் டயட்டம் படியத்தான் செய்யும், ஆனால் துடைத்தால் சுலபமாக வரும்.

கேள்வி: கொட்டலசு ஒட்டிவிட்டது. அசிட்டோன் போடலாமா?

ஐயோ, வேண்டாம். அசிட்டோன் இரண்டு பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். ஆல்கஹாலும் ஆகாது: ஒருமுறை அவசரத்தில் துடைத்தேன், திருகு ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் விட்டன. வினிகரில் ஊறப்போடுங்கள், ஓட்டுச் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். வட்டமாக வெள்ளைத் தழும்பு நின்றால் மறுபடி வினிகர்.

கீறல் விழுந்தாலும் டோமைத் தூக்கி எறிய வேண்டாம். ஒளிவிலகல் எண் அக்ரிலிக்குக்கு 1.49, கடல்நீருக்குச் சுமார் 1.34. இரண்டும் நெருக்கமாக இருப்பதால், காற்றில் கோரமாகத் தெரியும் கீறல் நீர் நிரம்பியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் படம் எடுத்துப் பாருங்கள்.