சிறைச் சீர்திருத்த வரலாறு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: இதெல்லாம் யார் தொடங்கியது?

ஒருவரை மட்டும் சொல்வது கஷ்டம், ஆனால் நான் ஜான் ஹோவர்டிலிருந்துதான் தொடங்குவேன். 1773-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயருக்கு ஷெரீஃப், அதாவது மாவட்டச் சிறைக்கும் பொறுப்பான அதிகாரி ஆனவர். அங்கே ஜெயிலருக்குச் சம்பளம் கிடையாது, கைதிகளிடம் வாங்கும் கட்டணம்தான் வருமானம். அதனால் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே விடுவித்தாலும், கட்டணம் கட்ட வழியில்லாதவரை மறுபடி உள்ளே இழுத்துப்போய் அடைத்தார்கள். ஜெயிலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்றார் ஹோவர்டு. வேறு எங்காவது அப்படிக் கொடுக்கிறார்களா என்று கேட்டார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று குதிரையேறிப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனால், அங்கேயும் இதே அநியாயம்! 1774-இல் நாடாளுமன்றம் அந்த விடுதலைக் கட்டணத்தை ஒழித்தது. அதன்பிறகும் அவர் ஓயவில்லை, ஐரோப்பா முழுக்கச் சிறை சிறையாக ஏறி இறங்கி, 1790-இல் இன்றைய உக்ரைனில் உள்ள கெர்சன் நகரில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

கேள்வி: பெண் கைதிகளுக்காக யாரும் பேசவில்லையா?

எலிசபெத் ஃப்ரை பேசினார். 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனவர், பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்தார். 1817-இல் உள்ளேயே பள்ளியும் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு விதியையும் வாசித்துக் காட்டி அந்தப் பெண்களிடமே வாக்குக் கேட்டதுதான். பெண் கைதிகளுக்குப் பெண் காவலர் என்ற சட்டம் 1823-இல் வந்தது.

கேள்வி: தனிமைச் சிறை கொடூரர்கள் கண்டுபிடித்ததுதானே?

இல்லை, அதுதான் வேதனை. நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்தது. தனியாக இருந்தால் மனம் திருந்தும் என்று நம்பி, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1829-இல் ஒரு பெரிய சிறையையே அதற்காகத் திறந்தார்கள். அறையைவிட்டு வெளியே கூட்டிப்போகும்போது முகத்தையும் மூடிவிடுவார்கள். 1842-இல் அதைப் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடல் சித்திரவதையைவிட இது மோசம் என்று எழுதினார். அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமையில் அடைக்கக்கூடாது என்று ஐ.நா. விதி வந்தது 2015-இல்தான், நெல்சன் மண்டேலா பெயரில்.

கேள்வி: சலுகை கொடுத்தால் கலவரம் வராதா?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்ஃபோக் தீவைப் பாருங்கள். பிரிட்டன் தன் தண்டனைக் கைதிகளை அனுப்பிய இடம், சாட்டையடி சாதாரணம். 1840-இல் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மக்கோனகி, உழைப்புக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் கொடுத்து, அதைச் சேர்த்தே விடுதலையை நோக்கி நகரலாம் என்றார். அந்த ஆண்டு விக்டோரியா ராணியின் பிறந்தநாளுக்கு எல்லோரையும் திறந்துவிட்டு விருந்தும் நாடகமும் நடத்தினார். இரவு அழைப்பு ஒலித்ததும் அமைதியாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். ஒரு அடிதடி இல்லை. ஆனால் மேலே இருந்தவர்களுக்கு அந்த விருந்துதான் கண்ணை உறுத்தியது, நான்கே ஆண்டுகளில் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.