கொலைகாரர் புத்தகம் எழுதுனா நம்பலாமா?

கேள்வி: ஜெயில்ல இருந்தவங்க எழுதுன சுயசரிதை படிக்கும்போது எனக்கு மனசு எளகிடுது சார், முடிக்கும்போது கொலை பண்ணவர் மேலயே பரிதாபமா இருக்கு. இவங்க நெஜமாவே திருந்திட்டாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: பரிதாபம் வர்றது தப்பே இல்ல, 300 பக்கம் ஒருத்தர் உங்க பக்கத்துல உக்காந்து பேசுனா யாருக்கும் வரும். செத்தவருக்குத்தான் அப்படிப் பேச வழியே இல்லாம போச்சு. நான் பாக்கறது ஒரே விஷயம், எழுதுறவர் தனக்கு நஷ்டம் வர்ற மாதிரி ஏதாவது ஒத்துக்கறாரா?

ஆல்பர்ட் ஸ்பியர் கதையப் பாருங்க. ஹிட்லரோட கட்டடக் கலைஞர், 1942ல இருந்து ஆயுத உற்பத்தி அமைச்சர், அடிமைத் தொழிலாளிங்கள வெச்சு ஆலை ஓட்டுனவர். போருக்கு அப்புறம் நாஜித் தலைவர்கள விசாரிச்ச நியூரம்பர்க் கோர்ட்ல மத்தவங்க பலபேர் எனக்கு ஒண்ணும் தெரியாது, மேலிடத்து உத்தரவுன்னு சொல்லிட்டிருந்தப்ப இவர் எழுந்து, தலைமையில இருந்தவன்ற முறையில எனக்கும் பொறுப்பு இருக்குன்னார். 20 வருஷ தண்டனை. பெர்லின் ஸ்பாண்டாவ் ஜெயில்ல டாய்லெட் பேப்பர்லகூட எழுதி திருட்டுத்தனமா வெளிய அனுப்பினார், 1966ல விடுதலையாகி 1969ல புத்தகம் போட்டார், நல்லா வித்துச்சு. 'நல்ல நாஜி'ன்னு பேரே வாங்கிட்டார் மனுஷன்.

ஆனா பொதுவா பொறுப்பு ஏத்துக்கிட்டாரே தவிர, யூதங்களக் கொன்னது தெரியுமான்னு குறிப்பா கேட்டா தெரியாது, தெரிஞ்சுக்க முயற்சி பண்ணல அதான் என் குத்தம்னு அழகா நழுவிடுவார். 1943 அக்டோபர்ல போஸன் நகரத்துல நடந்த நாஜிக் கட்சித் தலைவர்கள் கூட்டத்துல எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் யூதங்களக் கொல்றதப் பத்தி வெளிப்படையா பேசினார், அதே நாள் ஸ்பியரும் அங்க பேசியிருக்கார், கேட்டா ஹிம்லர் பேசறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்னு சொல்லிட்டார். அவர் 1981ல செத்து பல வருஷம் கழிச்சு, 2007ல, ஒரு கடிதம் வெளிய வந்துச்சு, 1971ல அவரே எழுதுனது, அந்தப் பேச்சு நடந்தப்ப நான் அங்கதான் இருந்தேன்னு. அதுவும் பத்தாதுன்னு, பெர்லின்ல யூதக் குடும்பங்கள வீட்ட விட்டுத் துரத்துனதுல அவர் ஆபீசுக்கு இருந்த பங்கு அவங்களோட சொந்தப் பதிவேட்டுலயே இருந்துச்சு, அதையெல்லாம் வெட்டி எடுத்த பிரதியத்தான் ஆவணக் காப்பகத்துக்குக் குடுத்தாங்க, அவருக்குத் தெரிஞ்சேதான். மொத்தமா மன்னிப்பு கேட்டுட்டா சில்லறையா யாரும் கணக்கு கேக்க மாட்டாங்கன்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

எல்லாரும் இப்படித்தானான்னா இல்ல. அமெரிக்கால ஷாகா செங்கோர்னு ஒருத்தர், டெட்ராய்ட்ல 1991ல 19 வயசுல ஒருத்தர சுட்டுக் கொன்னுட்டு 19 வருஷம் உள்ள இருந்தவர், அதுல 7 வருஷம் தனிச்சிறை. ஆரம்பத்துல கண்ணுல பட்ட எல்லார் மேலயும் பழி போட்டுட்டிருந்தேன்னு அவரே சொல்றார், செத்தவரோட குடும்பத்துல இருந்து வந்த ஒரு கடிதமும் தன் மகன் எழுதுன கடிதமும்தான் தன்னத் திருப்பிச்சுங்கறார். சுட்டது நான்னு எந்தச் சாக்கும் சொல்லாம ஒத்துக்கறார். இவர நான் நம்பறேன்.

கேள்வி: இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவங்க உள்ளுக்குள்ள நல்லவங்களாத்தானே இருப்பாங்க? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நியூயார்க்ல பெரிய பெரிய எழுத்தாளர்களே அப்படி நம்பித்தான் ஏமாந்தாங்கம்மா. ஜாக் ஹென்றி அபாட், சின்ன வயசுல இருந்தே பெரும்பாலும் ஜெயில்லயே வளந்த ஆளு, பிரபல எழுத்தாளர் நார்மன் மெய்லருக்கு எழுதுன கடிதங்கள் 1981ல புத்தகமாச்சு. மெய்லர் ஆதரவுல பரோல் கெடச்சு வெளிய வந்தார், சுமார் ஆறே வாரத்துல, ஜூலை 18 விடியக்காலைல, பாத்ரூம் ஸ்டாஃபுக்கு மட்டும்தான்னு சொன்னதுல தகராறாகி ஒரு ஓட்டல் சர்வர குத்திக் கொன்னுட்டார், 22 வயசுப் பையன், நாடகக் கனவோட இருந்தவன். மறுநாள் நியூயார்க் டைம்ஸ்ல புத்தகத்துக்குப் பாராட்டு விமர்சனம்! ஜெயில் ஒரு மனுஷன என்ன பண்ணும்னு அவர் எழுதுனது பொய்யில்ல, இன்னிக்குப் படிச்சாலும் பதறுது. ஆனா அதெல்லாம் தனக்கு நடந்த கொடுமை, தான் பண்ணதப் பத்தி அவருக்குப் பெருசா வருத்தம் இல்ல, அடுத்த புத்தகத்துலயும் தன் பக்க நியாயம்தான்.

கேள்வி: கொலை பண்ணிட்டு அதையே எழுதிக் காசு பாக்கறது அநியாயம் இல்லையா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: அநியாயம்தான், ஆனா சட்டம் போட்டுத் தடுக்கறது லேசு இல்ல. 1977ல நியூயார்க் மாகாணம் அப்படி வர்ற காசப் பிடிச்சு வெச்சு பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுக்க ஒரு சட்டம் போட்டுச்சு, 1991ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ஏன்னா அது எழுத்த மட்டும் குறி வெக்குது, அந்தக் கணக்குல, சின்ன வயசுல ஜெயிலுக்குப் போய் பின்னாடி கறுப்பர் உரிமைத் தலைவரான மால்கம் எக்ஸோட சுயசரிதையும் மாட்டும்னு சொல்லிட்டாங்க. 2001ல சட்டத்த மாத்தி, குற்றவாளிக்கு எந்த வழியில பெரிய பணம் வந்தாலும் பாதிக்கப்பட்டவங்களுக்குத் தகவல் போகணும், அவங்க கேஸ் போடலாம்னு கொண்டு வந்தாங்க. எனக்கு இது பரவால்லன்னு படுது.

கேள்வி: நம்மூர்ல ஆட்டோ சங்கர் எழுதுனாரே, அது? (வாசகர், திருவான்மியூர்)

பதில்: ஏரியாக்காரர்ல, கேப்பீங்கன்னு தெரியும். ஆறு கொலை கேஸ்ல தூக்குத் தண்டனை வாங்கி உள்ள இருந்தப்ப எழுதுனது, சில ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிங்களுக்கும் தனக்கும் தொடர்பு இருந்துச்சுன்னு அதுல இருக்குன்னாங்க. நக்கீரன் போடப்போறதா அறிவிச்சதும் ஜெயில் துறை, இது அவர் எழுதுனதே இல்ல, போடாதீங்கன்னு கடிதம் அனுப்புச்சு. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1994 அக்டோபர்ல வந்த தீர்ப்பு: அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்க முடியாது, அவதூறுன்னா வெளிவந்ததுக்கு அப்புறம் கேஸ் போட்டுக்கலாம், கோர்ட் ஆவணத்துல இருக்கற அளவுக்கு சங்கர் அனுமதி இல்லாமலே போடலாம். தனிமனித அந்தரங்க உரிமை பத்தி பேச்சு வந்தா இன்னிக்கும் மேற்கோள் காட்டுற தீர்ப்பு இது.

அடுத்தவங்க பேரச் சொல்றதால எழுதுனவர் திருந்திட்டார்னு ஆகாது, அதுல அவருக்கு என்ன நஷ்டம்? ஆனா அதுக்காக அவர் சொன்னது பொய்யின்னும் ஆகாது, அத விசாரிச்சுத்தான் பாக்கணும். 1995 ஏப்ரல்ல சேலம் ஜெயில்ல தூக்குல போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் அவரக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ண யாராலயும் முடியல.